முல்லையாற்றங்கரையில் ஒரு படப்பெட்டி

மதுரையிலிருந்து தேனிக்கு ரயிலில் போவது என்பது இடையில் பல வருஷ காலம் பழங்கதையாகிவிட்டிருந்தது. மீட்டர் கேஜ் பாதையை அகலப் பாதையாக மாற்றுவதற்கென்று 2010-ஆம் ஆண்டின் இறுதியில் வண்டியை நிறுத்தினார்கள். மறுபடியும் தேனி வரையில் வண்டி வந்தது 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான். பாண்டவர்கள் வனவாசம் போய்த் திரும்பும் காலம் ஏறக்குறைய ஆகிவிட்டது! போகட்டும். இப்போது வண்டி ஓடுகிறது. போடிநாயக்கனூர் வரையிலும் போகிறது. உசிலம்பட்டியைத் தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாயில் மலைகள் நெருங்கி வரும் இடத்தில் ஜன்னலோரம் உட்காரக் கிடைத்தவன் பாக்கியசாலி.

அந்தப் பாக்கியம் நமக்கு எதிரே இருந்த ஒரு சிறுவனுக்குக் கிடைத்திருந்தது. பத்து வயதிருக்கும். ஆனால் அவன் மலையின் பக்கம் திரும்பவேயில்லை. கையிலிருந்த செல்போனில் அரை நிமிஷத்துக்கு ஒரு காட்சியாக விரலால் தள்ளிக்கொண்டே வந்தான். பக்கத்தில் அவனுடைய பாட்டி. வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்த்திக் கடன் செலுத்தப் போகிறவர். சற்று நேரம் பேரன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, நம்மிடம் முறையிட்டார்.

"ஒரு படத்தையாவது முழுசாப் பாக்க விடுறானா பாருங்கய்யா! ஒரு ஆளு வந்து நிக்கிறதுக்குள்ள அடுத்த ஆளு வந்துருறான்."

"உங்களுக்கு எந்தப் படம் பார்க்க வேண்டும், அம்மா?" என்று கேட்டோம்.

அவர் யோசிக்கவேயில்லை. "'ஔவையார்' படம். சின்னப் பிள்ளையில கொட்டகையில பாத்தது. அத இப்ப யாரு குடுப்பா?"

ஜெமினியார் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கி, கே. பி. சுந்தராம்பாள் நடித்து 1953-ல் வெளிவந்த படத்தை அந்த அம்மாள் இத்தனை காலமும் மனத்தில் வைத்திருக்கிறார். "யாரு குடுப்பா?" என்ற அவருடைய கேள்வி தேனி வரையில் மட்டுமல்ல, அதற்குப் பிறகும் நம்மை விடவில்லை. ஏனென்றால், முதல் நாள்தான் மதுரையில் அந்தக் கேள்விக்குப் பாதி விடையைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம்.

மதுரைப் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி திறக்கப்பட்டது. அதில் சிறுவர்களுக்கென்று தனிப் பகுதி. அந்தப் பகுதியில் குழந்தைகள் உட்கார்ந்து படம் பார்ப்பதற்கும் இடம் வகுத்திருக்கிறார்கள். புத்தகமும் படமும் ஒரே கூரையின் கீழ் இருப்பதைப் பார்க்கக் கண் குளிர்ந்தது. ஆனாலும் மதுரையில் இருக்கும் குழந்தைக்கல்லவா அது? தேனியிலிருந்தோ கம்பத்திலிருந்தோ ஒரு குழந்தை படம் பார்க்க மதுரைக்கு வருமா? மேலும், காட்டுவது வேறு, கொடுத்தனுப்புவது வேறு. புத்தகத்தைப் போல ஒரு படத்தையும் பெயர் எழுதி வாங்கிக்கொண்டு, வீட்டுக்குக் கொண்டுபோய், பாட்டியும் பேரனுமாகப் பார்த்துவிட்டு, பத்து நாளில் திருப்பிக் கொடுக்க முடியுமானால் அல்லவா அது இரவல்!

தேனியில் இறங்கிக் கம்பம் சாலையில் பஸ் ஏறினால், டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைப்பதற்குள் பழனிசெட்டிபட்டி வந்துவிடுகிறது. தேனி எங்கே முடிந்தது, பழனிசெட்டிபட்டி எங்கே தொடங்கியது என்பதைக் கடைப் பலகைகளைப் படித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெயரளவில் பேரூராட்சி, பார்வைக்குத் தேனியின் ஒரு வீதி. ஆனால் சாலையை விட்டு ஆற்றுப் பக்கம் இறங்கிவிட்டால் ஊர் வேறு முகம் காட்டுகிறது.

முல்லையாறு அங்கே ஒரு தடுப்பணையின் மேல் வழிந்து இறங்குகிறது. 1895-ல் திறக்கப்பட்ட பெரியாற்று அணையின் தண்ணீர், மலையைக் குடைந்து இந்தப் பக்கம் விழுந்து, லோயர் கேம்பிலிருந்து கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று வயல் வயலாக நனைத்துக்கொண்டு வருகிறது. லோயர் கேம்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரையில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் என்று கணக்கு. அந்தக் கணக்கின் கடைசி ஊர் இது. மேலே உள்ளவர்கள் எடுத்துக்கொண்டது போக மீதி வருமா, எப்போது வரும் என்று காத்திருந்து பழகிய ஊர். கடைமடைக்காரனுக்குத்தான் பங்கீட்டின் அருமை தெரியும்.

அணைக்கட்டின் ஓரம் வேப்ப மரத்தடியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பாட்டியின் கேள்வியை அவரிடம் போட்டு வைத்தோம். அவர் சிரித்தார்.

"கொட்டகைக் காலத்துல படம் தானா வரும். பெட்டி வந்தாச்சான்னுதான் ஊரே கேக்கும்."

படப்பெட்டி! இந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! டூரிங் டாக்கீஸ் நடந்த காலத்தில், ஒரே படத்தின் பெட்டி ஓர் ஊரில் ஓடி முடிந்ததும் பஸ்ஸின் கூரை மேலோ, சைக்கிளின் பின்னாலோ ஏறி அடுத்த ஊருக்குப் போகும். கீற்றுக் கொட்டகை, ஆற்று மணல், தரை டிக்கெட். புரொஜக்டர் ஒன்றே ஒன்று; ஆகவே ரீல் மாற்றும்போதெல்லாம் ஓர் இடைவேளை. மணலைக் குவித்து உயரமாக உட்காருவதும், பின்னால் இருப்பவர் அதைத் தட்டிவிடுவதும் அந்தக் கலையின் ஓர் அங்கம். பெட்டி வரத் தாமதமானால் ஜனங்கள் கலைந்து போக மாட்டார்கள், காத்திருப்பார்கள். தண்ணீருக்குக் காத்திருந்தவர்கள் படத்துக்குக் காத்திருக்க மாட்டார்களா?

இந்தப் பள்ளத்தாக்குச் சினிமாவுக்குக் கொடுத்ததும் கொஞ்சமல்ல. தேனியை ஒட்டிய அல்லிநகரத்திலிருந்து பாரதிராஜா புறப்பட்டார். 1977-ல் '16 வயதினிலே' வந்தது. பண்ணைப்புரத்திலிருந்து இளையராஜா புறப்பட்டார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. வடுகபட்டி வைரமுத்துவின் முதல் பாட்டு 1980-ல் 'நிழல்கள்' படத்தில் ஒலித்தது. ஏலத்தோட்டத்துக்குச் சுமை தூக்கி மலையேறும் கூலிக்காரனின் வாழ்க்கையை லெனின் பாரதி 2018-ல் 'மேற்குத் தொடர்ச்சி மலை' என்ற படமாக்கினார். இவ்வளவையும் கொடுத்த மண்ணில் ஒரு குழந்தை இந்தப் படங்களைப் பார்க்க வேண்டுமானால் என்ன வழி? செல்போன் எதைத் தள்ளுகிறதோ அதைப் பார்க்க வேண்டியதுதான்.

"யூட்யூபில் இல்லாத படம் உண்டா?" என்று சிலர் உடனே கேட்பார்கள். இருக்கலாம். அங்கேயும் யாரோ தேர்ந்தெடுக்கத்தான் செய்கிறார்கள் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அந்த யந்திரம் தேர்ந்தெடுப்பது நம்மை இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார வைப்பதற்காக. நூல் நிலையத்தின் மேஜைக்குப் பின்னால் இருக்கும் மனிதர் தேர்ந்தெடுப்பதோ வந்தவருக்காக. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு உரிய நூல் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்று நூலக விஞ்ஞானி எஸ். ஆர். ரங்கநாதன் 1931-லேயே விதி செய்து வைத்தார். 'நூல்' என்ற இடத்தில் 'படம்' என்று போட்டுப் பாருங்கள். விதி கொஞ்சமும் கெடவில்லை.

இதை ஏதோ மேல்நாட்டு நாகரிகம் என்று நினைத்துவிட வேண்டாம். பரோடா சமஸ்தானத்தின் மகாராஜா சயாஜிராவ் கெய்க்வாட், 1910-ல் அமெரிக்காவிலிருந்து போர்டன் என்ற நூலகரை வரவழைத்துத் தம் ராஜ்யம் முழுவதும் நூல் நிலையங்களை ஏற்படுத்தினார். பெட்டியில் புத்தகம் அடுக்கிக் கிராமம் கிராமமாக அனுப்பினார்கள். அதோடு விடவில்லை. எழுத்தறியாத ஜனங்களுக்கு நூல் நிலையத்தால் என்ன பிரயோஜனம் என்ற கேள்வி எழுந்தது. அதற்காகவே நூலக இலாகாவில், கண்ணால் பார்த்துக் கற்பதற்கென்று ஒரு தனிப் பிரிவு அமைத்தார்கள். மாஜிக் லாந்தர், இரட்டைப் படங்களைக் கண்ணாடி வழியே பார்க்கும் கருவி, சினிமா யந்திரம் எல்லாம் அந்தப் பிரிவின் கையில் இருந்தன. ஊர் ஊராகக் கொண்டுபோய் இலவசமாகக் காட்டினார்கள். நூல் நிலையத்துக்குள் படம் வந்தது படித்தவர்களின் பொழுதுபோக்குக்காக அல்ல, படிக்காதவர்களின் உரிமைக்காக! இன்றைக்கு நூற்றாண்டுக்கு முந்தைய காரியம் அது. மன்னராட்சியில் நடந்தது என்பதற்காக அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

நமது மாகாணம் மட்டும் சளைத்ததா? சுதந்திர இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது நூலகங்களுக்குச் சட்டம் செய்தது சென்னை மாகாணம்தான். 1948-ல், கல்வி மந்திரி அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில். அந்தச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. இப்போது ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம். பழனிசெட்டிபட்டியில் ஓட்டு வீட்டுக்கு வரி கட்டுகிறவரும் நூல் நிலையத்தின் பங்காளிதான். ஆயினும் கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் பொதுவாக நாம் இரவல் பெறுவது புத்தகமே. படம் அந்தக் கணக்கில் ஏறவில்லை.

சட்டம் குறுக்கே நிற்கிறதா என்றால், இல்லை என்பதுதான் ஆச்சரியம். திரைப்படத்தின் பிரதியை வாடகைக்கு விடும் உரிமை படத்தின் சொந்தக்காரருக்கே உரியது. ஆனால் 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தை 2012-ல் திருத்தியபோது ஒரு நல்ல காரியம் செய்தார்கள். லாப நோக்கமில்லாத நூல் நிலையமோ கல்விக் கூடமோ, முறைப்படி பெற்ற பிரதியை லாபமின்றி இரவல் கொடுத்தால், அது வியாபார வாடகை ஆகாது என்று தெளிவாகவே எழுதி வைத்தார்கள். நூல் நிலையத்துக் கூடத்தில் பொது ஜனங்களைக் கூட்டிப் படம் போட்டுக் காட்டுவது வேறு விஷயம். அதற்கு அனுமதி பெற வேண்டும். வீட்டுக்குக் கொடுத்தனுப்ப அந்தத் தடை இல்லை. இன்னொன்று: படம் வெளியாகி அறுபது ஆண்டு கழிந்தால் அந்தப் படத்தின் காப்புரிமை முடிந்துவிடுகிறது. பாட்டி கேட்ட 'ஔவையார்' 2014-ஆம் ஆண்டு பிறந்தபோதே அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. (படத்தில் அடங்கிய கதைக்கும் பாட்டுக்கும் உரிமைக் கணக்குத் தனி. வக்கீல் நண்பர்கள் நம்மைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.)

வேப்ப மரத்தடிப் பெரியவர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சட்டம் சரி. பெட்டி எங்க இருக்கு?" என்றார்.

அங்கேதான் முடிச்சு. புத்தகத்தை விலை கொடுத்து வாங்கலாம், அது நம்முடையது. வட்டுகள் கடையில் விற்ற காலத்தில் படத்தையும் அப்படி வாங்க முடிந்தது. இப்போது வட்டும் அருகிவிட்டது, அதைப் போடும் பெட்டியும் வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. இணைய வழியில் படம் காட்டும் கம்பெனிகள் எதையும் விற்பதில்லை. மாதச் சந்தாவுக்கு எட்டிப் பார்க்க விடுகின்றன. மேல்நாட்டு நூல் நிலையங்கள் இதில் கையைச் சுட்டுக்கொண்ட கதையும் உண்டு. 2008-ல் ஆஸ்திரேலியாவில் தோன்றிய கானோப்பி என்ற சேவை, நூல் நிலைய அட்டையைக் காட்டினால் வீட்டிலிருந்தே படம் பார்க்க வழி செய்தது. ஜனங்கள் ஆசையோடு பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க நூல் நிலையத்தின் பில் ஏறியது. நியூயார்க் நகரத்து நூல் நிலையங்களே தாங்க மாட்டாமல் 2019-ல் அந்தச் சேவையை நிறுத்திவிட்டன. நியூயார்க்குக்கே அந்தக் கதி என்றால் நமது பேரூராட்சிகளின் கதியைச் சொல்ல வேண்டுமா?

ஆகையால் ஏழை நூல் நிலையத்துக்கு ஏற்ற வழி பழைய வழிதான். 1940-களின் இறுதியில் அமெரிக்காவில் ஓஹியோ, மிஸௌரி முதலிய ராஜ்யங்களில் சிறிய நூல் நிலையங்கள் ஒன்று சேர்ந்தன. தனித்தனியே படம் வாங்க வசதியில்லாதவை. கூட்டாக நிதி போட்டு, கார்னெகி ஸ்தாபனத்தின் உதவியும் பெற்று, படங்களை வாங்கின. ஒரு தொகுதிப் படம் ஓர் ஊரில் ஒரு மாதம். பிறகு அடுத்த ஊர். கானடாவில் 1939-ல் ஏற்பட்ட தேசியத் திரைப்பட வாரியமும் கிராமங்களுக்கு இதே போலச் சுற்று முறையில் படங்களை அனுப்பியது. இந்த விவரத்தைச் சொன்னதும் பெரியவர் தொடையில் தட்டினார். "இது நம்ம முறைத் தண்ணிதானே!" என்றார்.

மெய்தான். தேனி, பெரியகுளம், போடி, சின்னமனூர், கம்பம், கூடலூர் என்று ஆறு நகராட்சிகள். ஆறு தொகுதிப் படங்கள் இருந்தால், மாதத்துக்கு ஓர் ஊராகச் சுற்றி, ஆறு மாதத்தில் ஒவ்வோர் ஊரும் எல்லாவற்றையும் பார்த்துவிடும். பழனிசெட்டிபட்டி போன்ற ஊர்களுக்குப் பக்கத்து நகராட்சியிலிருந்து கிளை பிரிய வேண்டும். கடைமடைக்குச் சேர்கிறதா என்று மட்டும் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெட்டிக்குள் எதை வைப்பது என்பதில்தான் நூலகரின் சாமர்த்தியம் இருக்கிறது. தணிக்கை வாரியம் சீட்டு ஒட்டுகிறது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஏழு வயது, பதின்மூன்று வயது, பதினாறு வயது என்று படிகளும் பிரித்திருக்கிறார்கள். ஆனால் சீட்டு சொல்வது, இந்த வயதுக் குழந்தை பெரியவர்களின் துணையில்லாமல் எதைப் பார்க்கலாகாது என்பதை. எதைப் பார்த்தால் அதன் மனம் மலரும் என்பதைச் சீட்டு சொல்லாது. 2022-ல் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை, அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு மாதம் ஒரு படம் காட்டத் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்டது ஆல்பெர் லாமோரிஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1956-ல் எடுத்த சிவப்பு பலூன் படம். முப்பத்து நான்கு நிமிஷம். பேச்சு மிகவும் சொற்பம். ஒரு பையனும் ஒரு பலூனும்தான் பாத்திரங்கள் என்று சொல்லிவிடலாம். இதைத் தேர்ந்தெடுத்தவருக்கு நமது நமஸ்காரம். மொழி தெரியாத குழந்தைக்கும் புரியும், காது கேளாத குழந்தைக்கும் புரியும். பொது நூலகங்களும் அதே துறையின் கீழ்தான் இருக்கின்றன. பள்ளிக்கூடத்துச் சுவரைத் தாண்டிப் படம் நூல் நிலையத்துக்கு வர எத்தனை தூரம்?

நம் கையில் பெட்டியைக் கொடுத்தால் பலூனுக்குப் பக்கத்தில் 'ஔவையார்' இருக்கும். கே. சுப்ரமண்யம் இயக்கிய 'தியாகபூமி'யும் இருக்கும். கல்கியின் அந்தக் கதை ஆனந்த விகடனில் படத்தின் காட்சிகளோடு தொடராக வந்தது. படம் 1939-ல் வெளியானது. வெள்ளைக்கார சர்க்கார் அதற்குத் தடை போட்டது. தாத்தாவின் தாத்தா காலத்து வீடுகளில் பத்திரிகையில் படித்ததைத் திரையில் பார்க்கப் போனார்கள் என்பதைப் பேரப்பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டாமா? 'மேற்குத் தொடர்ச்சி மலை' அவசியம். பயிர்த் தொழிலையும் கைத்தொழிலையும் பற்றிய டாக்குமெண்டரிகள் சில வேண்டும். 1948-ல் ஏற்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷன் அவ்வகையில் எடுத்துக் குவித்திருக்கிறது. அந்த ஸ்தாபனம், 1955-ல் தோன்றிய குழந்தைகள் திரைப்படச் சங்கம், 1964-ல் புனாவில் நிறுவிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் மூன்றும் 2022-ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு சேர்ந்துவிட்டன. ஒரு காலத்தில் புனாக் காப்பகம் பதினாறு மில்லிமீட்டர் பிரதிகளை நாடெங்கும் உள்ள ஃபிலிம் சொசைட்டிகளுக்கு இரவல் அனுப்பிக்கொண்டிருந்தது. மூன்று கதவுகளுக்குப் பதிலாக இப்போது ஒரே கதவு. தட்ட வேண்டிய கதவு எது என்பதிலாவது இனிக் குழப்பமில்லை.

புத்தகக்காரர்களால் படம் பிழைத்த ஒரு வேடிக்கையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சி. வி. ராமன் பிள்ளையின் நாவலைத் தழுவி எடுத்த 'மார்த்தாண்ட வர்மா' என்ற ஊமைப் படம் 1933-ல் திருவனந்தபுரத்தில் வெளியானது. நாவலின் பதிப்புரிமை வைத்திருந்த புத்தக வியாபாரி வழக்குத் தொடுத்து, படச்சுருளைப் பறிமுதல் செய்ய வைத்தார். தயாரிப்பாளருக்குப் பெரிய நஷ்டம்! ஆனால் அக்காலத்துத் தென்னாட்டு ஊமைப் படங்கள் அநேகமாக எல்லாம் அழிந்து போக, இந்தச் சுருள் புத்தகக் கடையில் கிடந்து, 1974-ல் புனாக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

குமுளிக் கணவாயைத் தாண்டினால் கேரளம். அங்கே பி. என். பணிக்கர் 1945-ல் தொடங்கிய கிரந்தசாலை இயக்கம் கிராமத்து மூலைகளுக்கெல்லாம் வாசகசாலையைக் கொண்டுபோயிற்று; 1965-ல் அடூர் கோபாலகிருஷ்ணன் முதலியோர் சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கிய பிறகு, சிற்றூர்களிலும் நல்ல படம் பார்க்கும் வழக்கம் வேர்விட்டது. மலைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர் இந்தப் பக்கம் வருகிறது. மற்ற நல்ல வழக்கங்களும் வரலாமே என்று நமக்குப் பட்டது.

பொழுது சாய்ந்தது. பெரியவர் நம்மைச் சாலையோர டீக்கடைக்கு அழைத்து வந்தார். வரும் வழியெல்லாம் நாம் சொன்னதை, கடைக்குள் நுழைவதற்கு முன்பே அங்கிருந்தவர்களுக்குச் சொல்லத் தொடங்கிவிட்டார். வாசகர் வட்டத்தின் பெயரால் மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுவது என்று அரை மணி நேரத்தில் தீர்மானமாயிற்று. கல்லூரி மாணவர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் காகிதம் கிழித்தார். சட்டப் பிரிவை நாம் சொல்ல, அவர் எழுதினார். எல்லாம் சுமுகமாக நடந்தது. முதல் பெட்டியில் முதல் படம் எது என்ற இடம் வந்தபோதுதான் சபை இரண்டாகப் பிளந்தது.

"'16 வயதினிலே'தான். நம்ம ஊர்க்காரர் படம் இல்லாம என்ன பெட்டி?" என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

"சின்னப் பிள்ளைகளுக்கு மொதல்ல குடுங்கண்ணே. பலூன் படத்த எழுதுங்க," என்றார் பள்ளிக்கூடத்திலிருந்து மகளை அழைத்துக்கொண்டு வந்த ஓர் அம்மாள்.

பெரியவர் 'ஔவையார்' கட்சி. ரயிலில் வந்த பாட்டியை அவர் கண்டதில்லை. ஆனாலும் அவருக்காக வாதாடினார். மாணவர் பேனாவை மூடிவிட்டு, வாக்கெடுப்பு நடத்தலாமா என்று கேட்டார். அதற்குள் தேனிக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. நாம் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது, கடைக்குள் சிலர் கை தூக்கியிருந்தார்கள். எந்தக் கட்சிக்கு என்று தெரியவில்லை.